கிரிப்டோ தளத்தின் பெயரைச் சுமந்த பந்தயக் கார்கள்: ஓர் ஒப்பந்தத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவாகும் நிகழ்வு, ஐரோப்பாவில் ஜிடி3 வகைக் கார்களை (சாலைக் கார்களிலிருந்து உருவாக்கப்பட்ட பந்தயக் கார்களை) ஓட்டும் ஒரு தனியார் பந்தய அணியில் 2021 இறுதியில் தொடங்கி 2024 வரை நீடித்தது. அணியின் பெயரோ, அதற்கு விளம்பர நிதி தந்த கிரிப்டோ நிறுவனத்தின் பெயரோ, தொடர்புடைய ஆட்களின் பெயரோ இதில் இடம்பெறவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய தொகைகளையும் தவிர்த்திருக்கிறேன். ஒப்பந்த வரைவைச் சரிபார்க்க அணி வெளியிலிருந்து அமர்த்திய இருவரில் நானும் ஒருவன் என்பதால், பேச்சுவார்த்தையின் பெரும்பகுதியையும் பின்னர் நடந்தவற்றையும் அருகிலிருந்து பார்க்க முடிந்தது.

அணி இரண்டு கார்களை ஓட்டியது. செலவில் ஒரு பகுதியைப் பணம் கட்டி ஓட்டும் ஓட்டுநர்கள் ஏற்றனர். மீதி விளம்பரதாரர்களிடமிருந்து வந்தது. நீண்ட காலம் முதன்மை விளம்பரதாரராக இருந்த ஓர் இயந்திர உதிரிபாக நிறுவனம் கொரோனா ஆண்டுக்குப் பிறகு விலகிவிட்டதால், 2022 பருவத்துக்கான நிதித் திட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடமாக இருந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்ததுதான், வாடிக்கையாளர்கள் ஒப்படைக்கும் கிரிப்டோ நாணயங்களுக்கு வட்டி தருவதாக விளம்பரம் செய்துவந்த ஒரு தளம். அதன் தாய் நிறுவனம் அமெரிக்காவில் பதிவானது.

அந்த நேரத்தில் இது விசித்திரமான அழைப்பாகத் தோன்றவில்லை. 2021 ஜூனில் ஃபார்முலா 1 அமைப்பே கிரிப்டோ.காம் நிறுவனத்தை உலகளாவிய பங்குதாரராக ஏற்றிருந்தது. செப்டம்பரில் மெர்சிடிஸ் அணி எஃப்டிஎக்ஸுடனும், டிசம்பரில் ஃபெராரி வேலாஸுடனும் கைகோத்தன. 2022 பிப்ரவரியில் ரெட் புல் அணி பைபிட்டுடன் ஒப்பந்தம் செய்தது. இவை எல்லாமே கிரிப்டோ துறை நிறுவனங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 ஜூலை இறுதியில் புகையிலை விளம்பரத் தடை நடைமுறைக்கு வந்தபின் கார் பந்தயத்தில் அத்தனை தாராளமாகவும் அத்தனை வேகமாகவும் பணம் கொட்டத் தயாராக இருந்த வேறொரு துறையை நான் கண்டதில்லை. பெரிய அணிகளின் சட்டத்துறைகள் சரிபார்த்துத்தான் கையெழுத்திட்டிருக்கும் என்ற எண்ணம் சிறிய அணிகளுக்குத் தைரியம் தந்தது. இந்த அணியின் கூட்டங்களிலும் அந்த வாதம் அடிக்கடி எழுந்தது. பெரிய அணி ஒன்று ஒரு விளம்பரதாரரை இழந்தால் அடுத்த ஆண்டு இன்னொருவரைப் பிடித்துவிடும். சிறிய அணிக்கு அந்தப் பருவமே போய்விடும் என்பதை அந்த வாதம் கணக்கில் எடுக்கவில்லை.

அழைப்பில் கண்டவை

நிறுவனம் அனுப்பிய முதல் வரைவில் மூன்று விஷயங்கள் உடனே கண்ணில் பட்டன. மொத்தத் தொகையில் பாதியை அந்தத் தளத்தின் சொந்த டோக்கனாக, அதாவது தளமே வெளியிட்ட கிரிப்டோ நாணயமாகத் தருவதாகவும், அவற்றைப் பன்னிரண்டு மாதங்களுக்கு விற்க முடியாது என்றும், ஆனால் தொகையின் மதிப்பு ஒப்பந்தம் அறிவிக்கப்படும் நாளின் விலையில் கணக்கிடப்படும் என்றும் அது கூறியது. பணமாக வரும் மறுபாதி ஒவ்வொரு காலாண்டின் முடிவிலும் செலுத்தப்படும். இவற்றுக்கு மேல், அணியின் ஓட்டுநர்கள் தங்கள் சொந்தச் சமூக ஊடகக் கணக்குகளில் தளத்தைப் பரிந்துரைக்க வேண்டும். அணியின் ஊழியர்கள் தளத்தில் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொருவருக்கும் ஊக்கத்தொகை வரவாகும்.

வணிகப் பிரிவின் தலைவருக்கு இதில் பெரிய தயக்கம் இல்லை. கிரிப்டோவில் ஊதியம் என்பது பந்தயத்துக்குப் புதிதல்ல என்று அவர் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத் தொடரின் ஓட்டுநர் லேண்டன் கேசில் 2021இல் வாயேஜர் என்ற கிரிப்டோ நிறுவனத்தின் விளம்பரத்துக்கான தொகையைக் கிரிப்டோவாகவே பெற்றதை அவர் முன்மாதிரியாகச் சொன்னார். நிதி அலுவலர் இன்னும் பழைய ஒரு முன்மாதிரியை எடுத்தார். 2014 மே மாதம் டாலடேகா தடத்தில் நடந்த நாஸ்கார் பந்தயத்தில் ஜோஷ் வைஸ் ஓட்டிய 98ஆம் எண் கார் டோஜ்காயின் என்ற கிரிப்டோ நாணயத்தின் சின்னத்துடன் ஓடியது. அதற்காக ரசிகர்களே இணையத்தில் ஏறத்தாழ 55,000 டாலர் மதிப்புள்ள நாணயத்தைத் திரட்டிக் கொடுத்தனர். அங்கே பந்தயத்துக்கு முன்பே பணம் திரண்டுவிட்டது, எவரும் எவருக்கும் கடன்படவில்லை. இங்கே நம்மிடம் கேட்பது ஒரு வருடக் கடன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அவருடைய கணக்கு எளிமையானது. பந்தய அணியின் பணம் பெரும்பாலும் பந்தயத்துக்கு முன்பே செலவாகிறது: டயர், எஞ்சின் மறுசீரமைப்பு, கியர்பாக்ஸ் உள்ளுறுப்புகள், போக்குவரத்து, நுழைவுக் கட்டணம். காலாண்டு முடிவில் வரும் பணத்தை நம்பி அணி காரில் செலவிட்டால், அந்த மூன்று மாதமும் அணிதான் விளம்பரதாரருக்குக் கடன் கொடுத்திருக்கிறது. பன்னிரண்டு மாதம் விற்க முடியாத டோக்கனை வருமானமாக எழுதினால், அணி அந்தத் தளத்தின் முதலீட்டாளராகவும் ஆகிவிடுகிறது. கார் ஓட்டும் தொழிலில் இருப்பவர்கள் அறியாமலேயே வேறு இரு தொழில்களுக்குள் நுழைந்துவிடுகிறார்கள் என்பதை அந்தக் கூட்டத்தில்தான் பலரும் முதல்முறையாக எண்ணிப் பார்த்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அழைப்பை நிராகரிப்பதா என்று இரண்டு வாரம் விவாதித்தபின், ஏற்பது, ஆனால் பணம் வரும் முறையை மாற்றுவது என்று உரிமையாளர் முடிவு செய்தார். வேறு விளம்பரதாரர் கையில் இல்லை. இரண்டாவது காரை நிறுத்தினால் ஆறு பேருக்கு வேலை போகும். இந்தக் காரணங்களை இன்று குறைத்து மதிப்பிடுவது சுலபம், நியாயமன்று.

டோக்கனின் பங்கு பாதியிலிருந்து கால் பகுதியாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கால் பகுதியையும் நிதித் திட்டத்தில் சுழியம் என்றே எழுத வேண்டும் என்று நிதி அலுவலர் வற்புறுத்தினார். விற்கும் நாள் வந்து விற்றால் அது உபரி. வராவிட்டால் இழப்பாக எதுவும் தெரியாது. வணிகப் பிரிவின் தலைவர் இதை மிகையான பயம் என்றார், ஏனெனில் பேச்சு நடந்த மாதங்களில் அந்த டோக்கனின் விலை ஏறிக்கொண்டிருந்தது. விலை ஏறுவதும் இறங்குவதும் இங்கே பொருட்டல்ல, நம்மால் விற்க முடியாத ஒன்றைச் செலவழிக்கவும் முடியாது என்று உரிமையாளர் நிதி அலுவலரின் பக்கம் சாய்ந்தார்.

பணப்பகுதி நான்கு முன்தவணைகளாக மாற்றப்பட்டது. ஒவ்வொரு தவணையும் வங்கிக் கணக்கில் சேர்ந்த பிறகே அடுத்த சில சுற்றுகளுக்கான சின்னம் காரில் இடம்பெறும். இதைத்தான் நிறுவனம் கடைசிவரை எதிர்த்தது. பெரிய அணிகள் யாரும் இப்படிக் கேட்பதில்லை என்றார்கள். அணி விட்டுக்கொடுக்கவில்லை, பதிலுக்கு மொத்தத் தொகையில் ஒரு சிறு தள்ளுபடி கொடுத்தது.

மூன்றாவது முடிவு வண்ணம் பற்றியது. நிறுவனம் கார் முழுவதையும் தன் நிறத்தில் பெயின்ட் அடிக்கச் சொன்னது. அணியின் உடல்பாகப் பிரிவினர், காரின் அடி நிறம் அணியின் நிறமாகவே இருக்கட்டும், மேலே வினைல் (ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) ஒட்டலாம் என்று மறுத்தனர். அவர்கள் சொன்ன காரணம் வணிகம் சார்ந்தது அல்ல. விபத்தில் கதவும் பம்பரும் மாற்றும்போது வினைல் வேகமாக முடியும் என்பதுதான். ஓட்டுநர்களின் தீத்தடுப்பு உடையில் இந்த வசதி இல்லை. பன்னாட்டுக் கார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி, உடையில் நேரடியாகத் தைக்கும் எழுத்தும் சின்னமும் வெளி அடுக்கில் மட்டுமே தைக்கப்பட வேண்டும். ஒட்டுச் சின்னங்களின் பின்துணியும் தையல் நூலும் தீப்பிடிக்காதவையாக இருக்க வேண்டும். ஆகவே சின்னங்களை நேரடியாகத் தைக்காமல், தீத்தடுப்புத் துணியில் தனியே தயாரித்து ஓரத்தில் தைப்பது என்று முடிவானது. அப்போது எவரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை.

நாடுவாரியான சட்டங்களுக்கென ஒரு தனிப் பிரிவும் சேர்க்கப்பட்டது. ஒரு நாட்டின் சட்டம் சின்னத்தைக் காட்ட அனுமதிக்காவிட்டால் அணி அதை நீக்கலாம், அதற்காகத் தொகை குறையாது. ஸ்பெயினின் பங்குச்சந்தை ஒழுங்காணையம் 2022 பிப்ரவரியிலிருந்து கிரிப்டோ விளம்பரங்களில் அபாய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்டோரைக் குறிவைக்கும் பிரச்சாரங்களைப் பத்து நாள் முன்பே தெரிவிக்கச் சொன்னது. சிங்கப்பூரின் நாணய ஆணையம் அதே ஆண்டு ஜனவரியில் பொதுமக்களை நோக்கிய கிரிப்டோ விளம்பரங்களை வேண்டாமென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பிரான்சில் 2022 கிராண்ட் பிரியின்போது சில ஃபார்முலா 1 அணிகள் கிரிப்டோ சின்னங்களை எடுத்துவிட்டே ஓடின. பல நாடுகளில் ஓடும் தொடரில் ஒரே ஸ்டிக்கர் ஓரிடத்தில் விளம்பரமாகவும் இன்னோரிடத்தில் சட்டமீறலாகவும் ஆகிறது.

ஓட்டுநர்களின் சொந்தக் கணக்கில் பரிந்துரை என்ற பிரிவு, ஓர் இளம் ஓட்டுநரின் மேலாளர் மறுத்ததால் அவருக்கு மட்டும் நீக்கப்பட்டது, மற்றவர்களுக்கு இருந்தது. ஊழியர் ஊக்கத்தொகையைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை. அது அன்பளிப்பு என்ற வகையில் கடந்து போயிற்று.

2022 மே முதல் ஜூலை வரை

முதல் இரண்டு தவணைகளும் நாளுக்கு முன்பே வந்தன. இரண்டாவது தவணை ஏப்ரல் இறுதியில் சேர்ந்தது. பின்னர் இந்தத் தேதி முக்கியமாகிறது.

மே மாதத்தில் டெர்ரா என்ற கிரிப்டோ வலையமைப்பின் யுஎஸ்டி (UST) நாணயம் டாலருடனான தன் பிணைப்பை இழந்து, அதன் துணை நாணயமான லூனாவின் விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போனது. 2021 நவம்பரில் 69,000 டாலரை ஒட்டி இருந்த பிட்காயின் ஜூனில் 20,000க்குக் கீழே இறங்கியது. ஜூன் 12 அன்று செல்சியஸ் தளம் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது. நம்முடைய விளம்பரதாரரும் அதே வட்டித் தொழிலில் இருந்ததால், அணிக்குள் முதன்முறையாகக் கவலை எழுந்தது.

ஆனால் கண்கூடான அறிகுறிகள் செய்தியிலிருந்து வரவில்லை. பந்தய வாரங்களில் நிறுவனம் அனுப்பும் விருந்தினர் பட்டியல் சுருங்கியது. அணியுடன் தினமும் பேசிவந்த தொடர்பாளர் மாறினார், அவருக்கு அடுத்து வந்தவரும் மாறினார். மூன்றாவது தவணைக்காக அணி அனுப்பிய விலைப்பட்டியலுக்கு மறுமொழியாக ஒரு மின்னஞ்சல் வந்தது: இந்தத் தவணையை முழுவதும் டோக்கனாக, ஒப்பந்த நாளின் பழைய விலையில் ஏற்க முடியுமா என்று. வாங்கும் நிலையில் இருக்கும் ஒருவர் தன் சொந்த டோக்கனால் கட்டணம் கட்ட விரும்புகிறார் என்றால், அவரிடம் வேறு எதுவும் மிஞ்சவில்லை என்று பொருள் கொள்ள வேண்டும். நிதி அலுவலர் அன்றே அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அணி மறுத்து, எழுத்துமூலம் பத்து நாள் அவகாசம் கொடுத்தது.

அந்தப் பத்து நாட்கள்தான் இந்த நிகழ்வின் கடினமான பகுதி. அணியின் மெக்கானிக்குகளிலும் பொறியாளர்களிலும் சிலர் ஊக்கத்தொகைக்காகக் கணக்குத் தொடங்கி, பிறகு வட்டியைப் பார்த்துத் தம் சேமிப்பையும் அங்கே வைத்திருந்தனர். தவணை வரவில்லை என்பது மேலாண்மைக்குத் தெரியும், ஊழியர்களுக்குத் தெரியாது. ஒப்பந்தத்தின் இரகசியப் பிரிவு, பணம் செலுத்துவது தொடர்பான எதையும் வெளியில் சொல்வதைத் தடை செய்தது. அதை மீறினால் நிறுவனம் ஒப்பந்த மீறல் என்று சொல்லி மீதித் தவணைகளை மறுக்கலாம். சின்னத்தை நீக்கினாலோ, அதுவே தளத்தின் வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை மணியாகும். அவர்கள் ஒரே நேரத்தில் பணம் எடுக்க ஓடினால், தளம் விழுந்ததற்கு அணியே காரணம் என்று வழக்கு வரலாம் என்றார் அணியின் வழக்கறிஞர்.

கடைசியில் எடுக்கப்பட்ட முடிவு ஒரு நடுவழி. விளம்பரதாரர் எவரது நிதிச் சேவையையும் அணி பரிந்துரைப்பதில்லை, அத்தகைய சேவையில் பணம் வைத்திருப்பவர்கள் அண்மைச் சந்தைச் சூழலைக் கருதித் தாமே முடிவெடுக்க வேண்டும் என்று பட்டறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு பொதுக் குறிப்பு ஒட்டப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. அந்தக் குறிப்பின் தொனியைப் புரிந்துகொண்ட சிலர் அன்று மாலையே பணத்தை எடுத்தனர். மற்றவர்கள் அதை வழக்கமான சட்டக் குறிப்பாக எண்ணிக் கடந்தனர். என் மதிப்பீட்டில், சட்டத்துக்கு உட்பட்டு அந்த நேரத்தில் செய்யக்கூடியதன் எல்லை அதுவே. ஆனால் ஓர் ஊழியரின் சேமிப்பைக் காப்பது, குறிப்பின் தொனியை அவர் சரியாகப் படிப்பதைப் பொறுத்ததாகிவிட்டது என்பதையும் மறைக்க முடியாது.

பத்தாம் நாள் முடியும் முன்பே தளம் பணம் எடுப்பதை நிறுத்தியது. ஜூலையில் அதன் தாய் நிறுவனம் அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தின் கீழ் நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. அதே மாதம் 5ஆம் தேதி, கேசிலின் விளம்பரதாரரான வாயேஜரும் அப்படியே மனுச் செய்திருந்தது.

சின்னங்களை நீக்கியது

செய்தி வந்தபோது லாரிகள் அடுத்த பந்தயத் தடத்தில் நின்றிருந்தன. வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் ஓரத்தைச் சூடாக்கி, வினைலைச் சாய்வாக இழுத்து, எஞ்சிய பசையை ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைத்து, இரண்டு கார்களையும் ஒரு பிற்பகலில் முடித்தார்கள். கதவுகளில் வெயில் படாமல் இருந்த பகுதி மட்டும் சற்றே கருத்த நிறத்தில், எடுத்த எழுத்துகளின் வடிவத்தைக் காட்டியது; அதன்மேல் அணியின் எண்ணைப் பெரிதாக ஒட்டி மறைத்தார்கள். உடைகளில் இருந்த சின்னங்கள் ஓரத் தையலைப் பிரித்தவுடன் வந்துவிட்டன, வெளி அடுக்குக்குச் சேதமில்லை. நேரடியாகத் தைத்திருந்தால் அந்த வாரத்துக்குள் புதிய உடைகள் கிடைத்திருக்காது.

அணியின் அறிவிப்பில் ஒப்பந்தம் இடைநிறுத்தப்பட்டது என்ற சொல்லே இருந்தது, ரத்து செய்யப்பட்டது என்ற சொல் இல்லை. 11ஆம் அத்தியாயத்தின்படி, மறுதரப்பு திவால் மனுச் செய்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தை முறிக்க அனுமதிக்கும் பிரிவுகள் பொதுவாகச் செல்லாது. மனுவுக்குப் பின் முறித்தால், மனுவுடன் சட்டப்படி தானாகவே நடைமுறைக்கு வரும் தடையை மீறிய குற்றச்சாட்டும் வரலாம். ஆனால் தவணை வராதபோது சின்னத்தைக் காட்டத் தேவையில்லை என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அணி அதை மட்டும் பயன்படுத்தியது.

நான்கு மாதம் கழித்து இதே காட்சியை உலகம் பெரிய திரையில் பார்த்தது. 2022 நவம்பர் 11 அன்று எஃப்டிஎக்ஸ் திவால் மனுச் செய்த வாரத்தில், மெர்சிடிஸ் தன் ஒப்பந்தத்தை முதல் கட்டமாக இடைநிறுத்துவதாக அறிவித்துச் சின்னங்களை எடுத்தது. அந்த ஞாயிறு சாவோ பாலோவில் ஜார்ஜ் ரஸ்ஸல் தன் முதல் ஃபார்முலா 1 வெற்றியைப் பெற்றார். அந்தப் பருவத்தில் மெர்சிடிஸ் பெற்ற ஒரே வெற்றி அது; விளம்பரதாரர் அதற்காகவே பணம் கொடுத்தார் என்று சொல்லத்தக்க அந்தப் படங்களில் அவர் பெயர் இல்லை.

பின்விளைவுகள்

மூன்றாவது, நான்காவது தவணைகள் வரவில்லை. அணி இரண்டாவது காரைப் பருவத்தின் கடைசி இரண்டு சுற்றுகளிலிருந்து விலக்கியது. முதல் காரின் எஞ்சினைத் திட்டமிட்ட தூரத்துக்கு மேல் ஓட்டியது. குளிர்காலச் சோதனை ஓட்டங்களைக் கைவிட்டது. இருவரின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. டோக்கன்கள் விற்கும் நாளுக்கு முன்பே மதிப்பிழந்தன. திட்டத்தில் சுழியம் என்று எழுதியிருந்ததால் அவற்றால் புதிய பள்ளம் எதுவும் விழவில்லை. வராத தவணைகளுக்காக அணி பிணையின்றிக் கடன் கொடுத்தோர் வரிசையில் பெயரைப் பதிவு செய்தது.

ஓட்டுநர் ஒருவர் தன் கணக்கில் பகிர்ந்திருந்த பரிந்துரைகளுக்குக் கீழே, பணம் சிக்கியவர்கள் மாதக்கணக்கில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பதிவுகளை நீக்க விரும்பினார்; வழக்குக்கான ஆதாரத்தை அழித்ததாகப் பொருள்படும் என்று வழக்கறிஞர் தடுத்தார். பதில் சொல்லவும் முடியாமல் நீக்கவும் முடியாமல் இருந்த அந்த நிலை, அடுத்த பருவத்துக்கு அவர் வேறு அணிக்குச் செல்லக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

எவரும் எதிர்பாராத கடிதம் பின்னால் வந்தது. திவால் சொத்துகளைத் திரட்டும் தரப்பு, மனுவுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் வந்த இரண்டாவது தவணையைத் திருப்பித் தருமாறு கேட்டது. அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு இடமுண்டு: திவாலுக்குச் சற்றுமுன் கடன் கொடுத்தோரில் சிலருக்கு மட்டும் கடன் அடைக்கப்பட்டிருந்தால், மற்றவர்களுக்கு அநீதி என்று அதைத் திரும்பப் பெறலாம். இத்தகைய வழக்கைத் தொடுக்க அவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. அந்தத் தொகையோ டயராகவும் பெட்ரோலாகவும் எப்போதோ போயிருந்தது.

அணியைக் காத்தது முன்தவணை முறை. அந்தச் சட்டப்பிரிவு, ஏற்கெனவே ஏற்பட்டிருந்த கடனுக்காகச் செலுத்தப்பட்ட தொகைகளைப் பற்றியது. முன்பணம் எந்தப் பழைய கடனையும் அடைப்பதல்ல. சின்னம் காரில் ஏறியதே பணம் வந்த பிறகுதான். வங்கியில் சேர்ந்த நாள், சின்னம் ஒட்டிய நாள், அந்தச் சுற்றின் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்து வழக்கறிஞர் பதில் அனுப்பினார். கோரிக்கை மேற்கொண்டு தொடரப்படவில்லை. முதல் வரைவிலிருந்தபடி காலாண்டு முடிவில் பணம் வந்திருந்தால், அதே தொகை பழைய கடனுக்கான அடைப்பாகக் கருதப்பட்டிருக்கும். பண ஓட்டத்துக்காகப் பிடிவாதம் பிடித்த ஒரு நிபந்தனை, இரண்டு ஆண்டு கழித்து சட்ட வாதமாகப் பயன்பட்டது. இதை முன்கூட்டியே கணித்ததாக எங்களில் யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

அணி மாற்றிக்கொண்டவை

அடுத்த ஒப்பந்தங்களில் ஊழியர்களுக்கான ஊக்கத்தொகைப் பிரிவை அணி எந்த விளம்பரதாரரிடமும் ஏற்பதில்லை. நிதிச் சேவை தரும் விளம்பரதாரர் தவணை தவறினால், அதை ஊழியர்களுக்குத் தெரிவிப்பது இரகசிய மீறலாகாது என்ற விலக்கு இப்போது எழுதப்படுகிறது. இதை இரண்டு நிறுவனங்கள் மறுத்து விலகின. ஓட்டுநர்களின் சொந்தக் கணக்குகள் ஒப்பந்தத்துக்கு வெளியே வைக்கப்படுகின்றன.

சட்டமும் இதற்கிடையே மாறியது. பிரிட்டன் 2023 அக்டோபர் 8 முதல் கிரிப்டோ விளம்பரங்களை நிதி விளம்பர விதிகளுக்குள் கொண்டுவந்தது. கிரிப்டோ சொத்துகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் மைக்கா ஒழுங்குமுறை 2024 டிசம்பர் இறுதியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2025 தொடக்கத்தில் ஃபார்முலா 1இன் ஆஸ்டன் மார்ட்டின் அணி காயின்பேஸ் என்ற கிரிப்டோ நிறுவனத்திடமிருந்து தன் விளம்பரத் தொகையை முழுவதும் யுஎஸ்டிசி என்ற டாலர் பிணைப்பு நாணயத்தில் பெறுவதாக அறிவித்தது. விலை தள்ளாடும் டோக்கனைவிட இது மேலானதுதான். எனினும் 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது யுஎஸ்டிசியும் ஒரு கட்டத்தில் 90 சென்ட்டுக்குக் கீழே போய், சில நாட்களில் மீண்டது.

இந்த அணிக்கும் மறுபடி ஒரு கிரிப்டோ நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்தது. அணி வைத்த நிபந்தனைகள் இவை: பணம் யூரோவில், முன்தவணையில், மூன்றாம் தரப்புக் கணக்கில் ஒரு பருவத்துக்கான முழுத்தொகையும் முதலிலேயே வைக்கப்பட்டு. சின்னம் வினைலில், கதவுகளுக்குப் பின்னால் மட்டும். நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பழைய திவால் வழக்கில் அணிக்குச் சேர வேண்டிய பங்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.